பதினேழாம் போர்ட்ல விளக்கு எரியுது

எனக்கு சந்தேகம் வந்துட்டா சாப்பாடு இறங்காது. தட்டுல கையை வச்சுக்கிட்டு சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். என் வீட்டுக்காரரு, "இன்னைக்கு யாரைப் பிடிக்கப் போற?"ன்னு கேலி பண்ணுவாரு. அவருக்கென்ன, முழங்கால்ல ஆபரேஷன் பண்ணிக்கிட்டு காலை நீட்டி உக்காந்திருக்காரு, கேலி பண்ண நேரம் இருக்கு. வெளிய போயி நாலு பேரு மூஞ்சியில முழிக்கிறது நான்தானே.

எனக்கு வேலை ஒரு லேப்ல. தண்ணி, பால், மருந்து, எண்ணெய்னு கம்பெனிக்காரங்க சாம்பிள் கொண்டு வந்து குடுப்பாங்க. எங்க ஆளுங்க சோதிச்சு ரிப்போர்ட் எழுதுவாங்க, டைரக்டர் கையெழுத்து போடுவாரு, அதுக்கப்புறம்தான் கம்பெனிக்குப் போகும். அந்தக் கட்டடத்துல இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிறது என் பொறுப்பு. ஸ்விட்ச்சுன்னு சொன்னா எங்க மாமியார் இன்னும் லைட் போடுற ஸ்விட்ச்சைத்தான் நினைச்சுக்கிட்டிருக்காங்க. இது அது இல்ல. வரிசையா ஓட்டை வச்ச ஒரு தட்டைப் பெட்டி. ஒவ்வொரு ஓட்டையும் ஒரு போர்ட். போர்ட்டுக்கு ஒரு கேபிள், கேபிளோட அந்த முனையில ஒரு ஆளு. எந்த போர்ட்ல யாரு, அவங்க எதுவரைக்கும் போகலாம், எதைத் தொடக்கூடாதுங்கிறதெல்லாம் நான் உக்காந்து டைப் பண்ணி வைக்கிறது. ஆள் இல்லாத போர்ட்டை அணைச்சு வச்சிடுவேன். அதுல நான் கறாரு. கெஸ்ட் வந்திருக்காங்க, கொஞ்ச நேரம் திறந்து விடுங்கன்னு யாராவது கெஞ்சினாலும், கெஸ்ட் போனதும் முதல் வேலையா மூடிட்டுத்தான் டீ குடிப்பேன்.

கேபிள் இழுக்கிறது அண்ணன். கூடப் பொறந்தவரு இல்ல, என் நாத்தனார் வீட்டுக்காரரு. எங்க வீட்டு மாடியிலதான் அவங்க குடித்தனம். ஆளு நல்ல உயரம். எப்பப் பாத்தாலும் ஏணி மேல நின்னுக்கிட்டு சீலிங்குக்குள்ள தலையை விட்டுக்கிட்டு ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கிட்டு இருப்பாரு. லேப்ல அவருக்குப் பேரே ஏணி. "என் சொந்தக்காரரு சார், தங்கமான மனுஷன்"னு டைரக்டர் முன்னாடி நின்னு சொல்லி அவரைச் சேத்து விட்டதே நான்தான். கேபிள் வரைக்கும் அவரு, அதுக்கப்புறம் நான். சாயங்காலம் ஒரே வண்டியில வீட்டுக்கு வருவோம்.

டைரக்டருக்கு நாங்க வச்ச பேரு மைக்ராஸ்கோப். ஒரு கண்ணைச் சுருக்கிக்கிட்டுத்தான் பேசுவாரு, எதிர்ல இருக்கிறவங்க உள்ளுக்குள்ள என்னமோ நெளியுதுங்கிற மாதிரி. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டாரு.

"அந்தப் பால் கம்பெனிக்காரன் ஃபோன் பண்றான்மா. ரிப்போர்ட்ல இருக்கிற நம்பரை ஒண்ணு விடாம சொல்லி, இது தப்பு, மறுபடி சோதிங்கன்னு சண்டைக்கு வர்றான். நான் இன்னும் அந்த ரிப்போர்ட்டைத் திறந்தே பாக்கல."

"முன்னாடியே யாரோ குடுத்திருக்காங்க சார்."

"மருந்து கம்பெனிக்கும் போயிருக்கு. உள்ள இருந்துதான் போகுது. நெட்வொர்க் உங்க கையில இருக்கு, யாருன்னு கண்டுபிடிங்க. மேலிடத்துல கேட்டா நான் ஒரு பேரைச் சொல்லியாகணும்."

"யாரு பேரை சார்?"

"ஆளு கிடைச்சா அந்த ஆளு பேரு. கிடைக்கலைன்னா பொறுப்புல இருக்கிறவங்க பேரு." ஒரு கண்ணைச் சுருக்கினாரு.

வேலை போறது ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்டுல அந்த மனுஷன் எந்திரிச்சு நடக்கிற வரைக்கும் வீடு என் தலையிலதான் ஓடுது, அதுவும் ஒரு பக்கம் இருக்கட்டும். திருடின்னு பேரு வாங்கிட்டு ஒரு லேப்பை விட்டு வெளிய வந்தா, இன்னொரு இடத்துல ஒரு ஸ்விட்ச்சைத் தொட விடுவாங்களா? சாவிக்கொத்தை யாருகிட்டக் குடுக்கிறதுன்னு பாத்துத்தானே எங்களை மாதிரி ஆளுங்களை வேலைக்கு வைக்கிறாங்க. அந்தப் பேரு போச்சுன்னா எனக்குத் தெரிஞ்ச தொழிலே போச்சு.

அன்னியிலேர்ந்து கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு சுத்தினேன். யாரைப் பாத்தாலும் அவங்க முழிக்கிற முழி சரியில்லாத மாதிரியே இருந்துச்சு. முதல்ல மாட்டினது குவாலிட்டி மேடம். ரிப்போர்ட் எல்லாம் அவங்க கை வழியாத்தான் டைரக்டருக்குப் போகும். சாப்பாட்டு நேரத்துல ஃபோனை எடுத்துக்கிட்டு பின்பக்க மாடிப்படிக்குப் போறாங்க, கிசுகிசுன்னு பேசுறாங்க, யாராவது வந்தா டக்குன்னு வச்சிடுறாங்க. ஆஹா, மாட்டினாங்கன்னு நினைச்சுக்கிட்டு செருப்பைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு பின்னாலயே போயி காதைக் குடுத்தேன். "நான் துவைச்ச துணியை நீங்க எதுக்கு அத்தை மறுபடி துவைக்கிறீங்க? அப்போ நான் துவைச்சதுக்கு என்ன மரியாதை?"ன்னு மேடம் அழாத குறையா கேட்டுக்கிட்டிருந்தாங்க. எனக்கே வெக்கமா போச்சு. செருப்பை மாட்டிக்கிட்டு வந்துட்டேன்.

இதுக்கு நடுவுல எண்ணெய் கம்பெனி ரிப்போர்ட்டும் வெளிய போயிடுச்சு. டைரக்டர் ஒண்ணும் சொல்லல. திட்டியிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருக்கும். வராந்தாவுல எதிர்ல வந்தாரு, "நல்லா இருக்கீங்களா?"ன்னு கேட்டுட்டுப் போனாரு. என்னைக்கும் கேக்காத மனுஷன் எதுக்குக் கேக்குறாருன்னு அன்னைக்கு ராத்திரி பூரா யோசனை.

அந்த நிலைமையிலதான் ஒரு நாள் காலையில ரிசப்ஷன் ஃபோன் செத்துப் போச்சுன்னு சொல்லி ஸ்விட்ச் ரூமுக்குப் போனேன். ரூம்னா பெருசா நினைச்சுக்காதீங்க. ஒரு ஆள் உள்ள நின்னு திரும்பலாம். ரெண்டு ஆளுன்னா ஒருத்தரு மூச்சை அடக்கிக்கணும். ஃபோன் கேபிளைப் பிடுங்கி மறுபடி மாட்டினேன், உயிர் வந்துடுச்சு. கதவைச் சாத்தப் போறப்போ கடைசியா ஒரு பார்வை பாக்குறது என் பழக்கம். பதினேழாம் போர்ட்ல பச்சை விளக்கு எரியுது.

பதினேழு காலி. அதுல ஆளே கிடையாது. நான் என் கையால அணைச்சு வச்ச போர்ட். அதுல விளக்கு எரியுதுன்னா பூட்டின வீட்டுக்குள்ள யாரோ சமைக்கிறாங்கன்னு அர்த்தம்.

உள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டேன். கேபிளைப் பாத்தேன். எங்க லேப்ல எந்தக் கேபிளும் சுவத்துலேர்ந்து முதல்ல பேனல்ங்கிற இணைப்புப் பலகைக்கு வரும், பேனல்லேர்ந்து ஸ்விட்ச்சுக்கு வரும், ரெண்டு முனையிலயும் லேபிள் இருக்கும். இது பேனல் பக்கமே தலைகாட்டாம, மத்த கேபிள் கட்டுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு சீலிங்லேர்ந்து நேரா இறங்கி பதினேழுல சொருகியிருந்துச்சு. லேபிள் கிடையாது. அதைவிட வேடிக்கை என்னன்னா, விளக்கு சிமிட்டுற விதம். என் சீட்டு நாலாம் போர்ட். என் கம்ப்யூட்டர்ல அப்போ என்னமோ அப்டேட் ஓடிக்கிட்டிருந்ததால நாலாம் விளக்கு படபடன்னு அடிச்சுக்கிட்டிருந்துச்சு. பதினேழும் அப்படியே அடிக்குது. இது நின்னா அதுவும் நிக்குது.

கேபிள் நுனியில மாட்டுற ஜாக் கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ள இருக்கிற எட்டு கம்பியும் கலர் கலரா தெரியும். எங்க லேப்ல ஆரஞ்சு முதல்ல வரணும், அதுதான் நான் வச்ச சட்டம். பச்சையை முதல்ல வச்சாலும் தப்பில்ல, ரெண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தா ஓடும். ஆனா ஒரு கட்டடத்துல ஒரு முறைதான் இருக்கணும், கலந்தா பின்னால வர்றவன் பாடு திண்டாட்டம். இந்த ஜாக்கைத் திருப்பி வெளிச்சத்துல பாத்தேன். பச்சை முதல்ல.

எனக்குத் தெரிஞ்சு பச்சையை முதல்ல வைக்கிற கை ஒண்ணே ஒண்ணுதான். அண்ணனுக்குப் பழைய இடத்துல பழகின பழக்கம் அது. இங்க வந்த புதுசுல அவரு மாட்டினதை எல்லாம் நான் வெட்டிப் போட்டு திரும்ப மாட்ட வச்சிருக்கேன். "ஆரஞ்சு, ஆரஞ்சு"ன்னு வாய் விட்டுச் சொல்லிக்கிட்டேதான் ஜாக் மாட்டுவாரு பாவம். பயத்துலயோ அவசரத்துலயோ மாட்டினா மட்டும் கை பழைய வழிக்கே போயிடும்.

அப்போ அண்ணன் இதைப் பயந்துக்கிட்டே மாட்டியிருக்காரு.

லேப்டாப்பை ஸ்விட்ச்சுல சொருகி உள்ள போயி பாத்தேன். யாரோ பதினேழை எழுப்பி விட்டிருக்காங்க. எழுப்பினது மட்டுமில்ல, மிரர் போட்டு வச்சிருக்காங்க. ஒரு போர்ட்ல போறது வர்றது எல்லாத்தையும் காப்பி எடுத்து இன்னொரு போர்ட்டுக்கு அனுப்புறதுக்குப் பேரு மிரர். நல்ல காரியத்துக்கும் போடுவாங்க, நானே போட்டிருக்கேன். ஆனா நான் போட்டா எனக்குத் தெரியாதா? நாலாம் போர்ட்ல போறது பூரா பதினேழுக்குப் போகுது. நான் என்னென்ன எழுதுறேங்கிறது முழுசா தெரியாது, ஆனா நான் எங்கெங்க போறேன், எப்போ போறேன், எவ்வளவு அனுப்புறேங்கிறது எல்லாம் அப்பட்டமா தெரியும்.

ஸ்விட்ச் பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும். நான் காய்ச்சல்ல படுத்திருந்தப்போ ஒரு தடவை அண்ணனுக்கு ஃபோன்ல சொன்னேன். வேற யாருக்கும் தெரியாது.

அங்கயே தரையில உக்காந்துட்டேன். கணக்கு எனக்குத் தெளிவா வந்துச்சு. எல்லா ஃபோல்டருக்கும் சாவி என்கிட்ட இருக்கு. என் போர்ட்டை ஒட்டுக் கேட்டா நான் எதைத் திறந்து எந்த வழியா போறேன்னு கண்டுபிடிச்சிடலாம். ரிப்போர்ட்டை எடுக்கிறது அவரு, எடுத்த வழி என் வழி. நாளைக்குக் குட்டு உடைஞ்சாலும் மாட்டப் போறது நான். காலையில அதே மனுஷன்தான் வண்டியில என்னை ஏத்திக்கிட்டு, "பிடிச்சுக்கோம்மா, பள்ளம் வருது"ன்னு சொல்லி கூட்டிக்கிட்டு வந்தாரு. பாவி! மாடியில நாத்தனாரும் சேந்துதான் இதைப் பண்றாளா? போன வாரம் புது டிவி வாங்கினாங்களே, அது எப்படி வந்துச்சு? இப்படியே போச்சு என் புத்தி.

கேபிளைப் பிடுங்கி எறிஞ்சிருக்கலாம். எறிஞ்சா அந்த முனையில இருக்கிறவன் உஷாராயிடுவான். முதல்ல அந்த முனை எங்க இருக்குன்னு பாக்கணும். சாப்பாட்டு நேரம் வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.

டோனர்னு எங்ககிட்ட ஒண்ணு இருக்கு. கேபிளோட இந்த முனையில ஒரு குட்டிப் பெட்டியை மாட்டி விட்டா அது கேபிள் நெடுக ஒரு ஓசையை அனுப்பிக்கிட்டே இருக்கும். கையில பேனா மாதிரி இன்னொண்ணு. அதைக் கேபிள் போற பக்கம் காட்டினா 'கீ கீ'ன்னு கத்தும். எல்லாரும் சாப்பிடப் போனதும் பதினேழைக் கழட்டி டோனரை மாட்டினேன். ஒரு நாற்காலியை இழுத்துக்கிட்டு வராந்தா பூரா ஏறி ஏறி இறங்கி, சீலிங் பலகையை ஒதுக்கி ஒதுக்கிப் பாத்துக்கிட்டே போனேன். "என்னம்மா தேடுறீங்க?"ன்னு குவாலிட்டி மேடம் கேட்டாங்க. "எலி"ன்னேன். மேடம் அந்தப் பக்கமே வரல.

சத்தம் சாம்பிள் ரூம் பக்கம் போகல. அண்ணன் சீட்டுப் பக்கமும் போகல. நேரா போயி, டைரக்டர் ரூமைத் தாண்டி, பக்கத்துல உடைஞ்ச நாற்காலி எல்லாம் போட்டு வைக்கிற ரூம் தலைக்கு மேல நின்னு கத்துச்சு. கதவுல பளபளன்னு புதுப் பூட்டு. உடைஞ்ச நாற்காலிக்கு எதுக்குய்யா புதுப் பூட்டு? நாற்காலியைக் கதவோட ஒட்டிப் போட்டு மேல இருந்த கண்ணாடி வழியா எட்டிப் பாத்தேன். உள்ள ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு நல்ல நாற்காலி. நாற்காலி முதுகுல டைரக்டரோட சாம்பல் கலர் ஸ்வெட்டர். லேப்ல ஸ்வெட்டர் போடுற ஆளு அவரு ஒருத்தருதான்.

ஒரு நிமிஷம் அப்பாடான்னு இருந்துச்சு. அண்ணன் திருடன் இல்ல. அடுத்த நிமிஷமே விஷயம் உறைச்சுது. டைரக்டர் தேடுற திருடி நான். யாருன்னு கண்டுபிடிங்கன்னு என்னையே ஏவி விட்டுட்டு, நான் என்ன பண்றேன்னு பக்கத்து ரூம்ல உக்காந்து பாத்துக்கிட்டிருக்காரு. அதுக்குக் கேபிள் இழுத்துக் குடுத்தது என் வீட்டு ஆளு.

டோனரைக் கழட்டிட்டு கேபிளை மறுபடி பதினேழுல சொருகினேன். அண்ணன் சாம்பிள் ரூம்ல ஏணி மேல நின்னு கேமராவுக்குக் கேபிள் இழுத்துக்கிட்டிருந்தாரு. இடுப்புக்கு மேல சீலிங்குக்குள்ள. பாட்டு மட்டும் வெளிய வருது. போயி ஏணியைப் பிடிச்சுக்கிட்டேன்.

"அண்ணே, கீழ இறங்குங்க."

"இரும்மா, இந்த ஒண்ணை இழுத்துட்டு வந்துடறேன். சாப்டியா?"

"பதினேழு"ன்னேன்.

பாட்டு நின்னுடுச்சு. மெதுவா இறங்கி வந்தாரு. தலைமுடி பூரா சீலிங் தூசி. என் மூஞ்சியைப் பாக்காம கையைத் தொடைச்சுக்கிட்டே நின்னாரு.

"பாத்துட்டியா?"

"எனக்குக் கண்ணு இருக்குல்ல? எப்போலேர்ந்து நடக்குது இது?"

"பால் கம்பெனி விஷயம் வந்துச்சுல்ல, அப்போலேர்ந்து. கூப்பிட்டு வச்சுச் சொன்னாரும்மா. யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது, முக்கியமா உங்க தங்கச்சிகிட்ட விடக்கூடாதுன்னாரு. அவரு ஃபோன்ல யாரோ ஒரு என்ஜினியர் ஒவ்வொரு எழுத்தா சொன்னாரு, நான் டைப் பண்ணேன். நான் மாட்டேன்னா வெளியிலேர்ந்து ஆளைக் கூட்டிட்டு வரப் போறாங்க. வெளி ஆளு போட்டா என்ன, நான் போட்டா என்ன?"

"வெளி ஆளு போட்டா சாயங்காலம் அவன் எங்க வீட்டு மாடிப்படி ஏற மாட்டான்ணே."

அவருக்கு அது சுருக்குன்னு தைச்சிருக்கணும். ஏணியில சாஞ்சுக்கிட்டாரு. "உன் மேல ஒண்ணும் இருக்காதுன்னு எனக்குத் தெரியும்மா. அந்த தைரியத்துலதான் போட்டேன். பாக்கட்டும், பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்னு."

"தெரியுமா, இல்ல அப்படி இருந்தா நல்லதுன்னு நினைச்சீங்களா?"

தோள்ல இருந்த தூசியைத் தட்ட ஆரம்பிச்சாரு.

"என் தலை மேல சத்தியமா உண்மையைச் சொல்லுங்க."

"தலை மேல எல்லாம் சத்தியம் கேக்காதம்மா." ஏணியை விட்டு நிமிந்தாரு. "மச்சானுக்கு ஆபரேஷன் ஆச்சுல்ல. அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, தனி ரூம். இவங்களால எப்படி முடிஞ்சுதுன்னு அவ கேட்டா."

"யாரு கேட்டா?"

"உன் நாத்தனார்தான். நான் கேக்கல, அவதான் கேட்டா. நான் அவளைத் திட்டினேன். ஆனா அவ கேட்டதுக்கப்புறம் எனக்கும்... மனசுல ஒரு ஓரத்துல..."

"அது ஆபீஸ் இன்சூரன்ஸ்ணே! உங்களுக்கும் இருக்கு! சேந்த அன்னிக்கே கார்டு குடுத்தாங்களே, அதை எங்க வச்சீங்க?"

"அந்தப் பச்சைக் கார்டா?"ன்னாரு பரிதாபமா.

சிரிப்பு வர வேண்டிய இடம். எனக்கு அழுகைதான் வந்துச்சு. அந்த மனுஷன் ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ தினம் சாப்பாடு கட்டிக்கிட்டு வந்து, பக்கத்துல உக்காந்து காலைப் பிடிச்சு விட்டாங்க ரெண்டு பேரும். அந்தக் காலைப் பிடிச்சுக்கிட்டேதான் இதையும் யோசிச்சிருக்காங்க. இவ்வளவு நாள் ஒரே வண்டியில என் முன்னால உக்காந்துக்கிட்டு எப்படிய்யா வந்தீங்க? வாய்க்கு வந்ததை எல்லாம் கேட்டுட்டேன். காலையிலேர்ந்து நான் அவரைத் திருடன்னு நினைச்சு, புது டிவி வரைக்கும் கணக்கு போட்டதெல்லாம் அப்போ எனக்கு ஞாபகத்துக்கே வரல. ஞாபகம் வந்தப்போவும் நான் அதைச் சொல்லல.

அதே சூட்டோட டைரக்டர் ரூமுக்குள்ள போனேன், கதவைக்கூட தட்டல.

"சார், என் போர்ட்டுல மிரர் போட்டிருக்கீங்க."

அவரு கொஞ்சம்கூட அசரல. "உக்காருங்கம்மா. நானே உங்களைக் கூப்பிடலாம்னு இருந்தேன். நல்ல சேதி." அந்த ஒத்தைக் கண்ணை அன்னைக்கு அவரு சுருக்கல. "எண்ணெய் கம்பெனி ரிப்போர்ட் வெளிய போச்சுல்ல, அது போன நேரத்துல உங்க கம்ப்யூட்டரை நாங்க பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம். உங்ககிட்டேர்ந்து ஒண்ணும் போகல. உங்க மேல தப்பே இல்லன்னு மேலிடத்துல சொல்லிட்டேன். சந்தோஷம்தானே?"

"சந்தோஷமா? எனக்கு உடம்பெல்லாம் எரியுது சார். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க? நான் எடுக்கலைன்னு சொல்லியிருப்பீங்க. எடுத்தவங்களும் அதைத்தான் சொல்லுவாங்க."

இந்த ஒரு வாரமா நானும் யாரையும் எதையும் கேக்கலையே, ஒளிஞ்சு ஒளிஞ்சுதானே பாத்தேன்.

"இப்போ அடுத்த வேலை"ன்னாரு. "அந்த மிரரை உங்க போர்ட்லேர்ந்து எடுத்துடுங்க. எடுத்து உங்க சொந்தக்காரரு போர்ட்டுக்குப் போடுங்க."

"அண்ணனுக்கா? சார், உங்களுக்குக் கேபிள் போட்டுக் குடுத்ததே அவருதான்!"

"அதனாலதான் சொல்றேன். நான் சொன்னேங்கிறதுக்காக சொந்தத் தங்கச்சி மாதிரி இருக்கிற உங்களுக்கே கேபிள் போட்டாரு. வேற யாராவது சொன்னா என்னென்ன போடுவாரு? இந்தக் கட்டடத்துல அவரு தலை போகாத சீலிங் இருக்கா? ஸ்விட்ச் பாஸ்வேர்டும் அவருக்குத் தெரியுது. அது உங்க மூலமா தெரிஞ்சதுன்னு நான் மேலிடத்துல இன்னும் சொல்லல."

கடைசியா சொன்னதை அவரு சாதாரணமாத்தான் சொன்னாரு.

முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். "எங்க வீட்டு மனுஷன் சார், அவரை நான் வேவு பாக்க மாட்டேன்"னு சொல்லிட்டு வெளிய வந்திருக்கலாம். காலையில கேட்டிருந்தா அப்படித்தான் சொல்லியிருப்பேன்னு நினைக்கிறேன். ஆனா டைரக்டர் கேட்ட கேள்வி என் மனசுலயும் இருந்துச்சே. எனக்கே போட்டவரு வேற யாருக்குப் போட மாட்டாரு? அவரு கேக்கிறதுக்கு முன்னாலயே ஏணிக்குக் கீழ நின்னப்போ அது எனக்குள்ள வந்துடுச்சு. பயத்துக்காக மட்டும் நான் சரின்னு சொல்லல. எனக்கும் பாக்கணும்னு இருந்துச்சு.

ஸ்விட்ச் ரூமுக்குப் போயி லேப்டாப்பைத் திறந்தேன். நாலை எடுத்துட்டு ஒன்பதைப் போட்டேன், அதுதான் அண்ணன் போர்ட். பெரிய வேலை ஒண்ணும் இல்ல, ரெண்டு வரி. பாஸ்வேர்டையும் மாத்தினேன்.

மூடப் போறப்போ கதவுல நிழல் விழுந்துச்சு. அண்ணன் நிக்கிறாரு. முகம் கழுவி, தலையில தூசி தட்டிட்டு வந்திருந்தாரு. ரெண்டு டம்ளர்ல டீ.

"டைரக்டர் கூப்பிட்டுச் சொன்னாரும்மா, உன் மேல ஒண்ணும் இல்லன்னு. அவ கிட்டயும் ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன், ஒரே அழுகை. அண்ணிகிட்ட எப்படி மூஞ்சியைக் காட்டுறதுன்னு கேக்குறா." ஒரு டம்ளரை என்கிட்ட நீட்டினாரு. "என்னை மன்னிச்சுடும்மா. மனசு கேக்கல எனக்கு. அந்தச் சனியன் பிடிச்ச கேபிளை இப்பவே கழட்டிடறேன், நீ கொஞ்சம் நகந்துக்கோ."

பதினேழைப் பிடுங்க கையை நீட்டினாரு. ரெண்டு பேரு நிக்க முடியாத ரூம். அவரு கையை நான் பிடிச்சுட்டேன்.

"இருக்கட்டும்ணே."

"அதான் முடிஞ்சு போச்சே. இன்னும் எதுக்கு?"

"கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும்."

என் மூஞ்சியைப் பாத்தாரு. இவ்வளவு நாள் என்னைப் பாக்காம இருந்தவரு அப்போ நல்லாப் பாத்தாரு. யாருக்குன்னு அவரு கேக்கல. நானும் சொல்லல. நீட்டின கையை மெதுவா இழுத்துக்கிட்டு, சரிம்மான்னு மட்டும் சொல்லிட்டு போயிட்டாரு. அந்த டீயை நான் குடிச்சேன், ஆறிப் போயிருந்துச்சு.

அதுக்கப்புறமும் ஒரே வண்டியிலதான் போறோம், வர்றோம். பள்ளம் வந்தா பிடிச்சுக்கோன்னு சொல்றாரு. நாத்தனார் வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா, நானும் அழுதேன், முடிஞ்சுது. ஆனா அண்ணன் அன்னியிலேர்ந்து தன் கம்ப்யூட்டரை ஆன் பண்றதே இல்ல. வேலை என்னன்னு ரிசப்ஷன்ல வந்து வாயால கேட்டுக்கிட்டுப் போறாரு. ஏன் தொட மாட்டேங்கிறீங்கன்னு நான் கேக்க முடியாது, கேட்டா எனக்கு எப்படித் தெரியும்னு ஆயிடும். ரிப்போர்ட் வெளிய போறதும் நின்னு போச்சு. மத்தவங்களும் பயந்துட்டாங்களோ என்னவோ. ஆனா தப்பு ஒண்ணும் பண்ணாத மனுஷன் எதுக்கு கம்ப்யூட்டரைத் தொடாம இருக்கணும்? தினம் காலையில வண்டியிலேர்ந்து இறங்கினதும் அவரு ஏணியைத் தூக்கிக்கிட்டுப் போவாரு. நான் போயி ஒன்பதாம் போர்ட்ல ஏதாவது ஓடியிருக்கான்னு பாப்பேன்.